நிறுத்தத் தெரிந்த கை

தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்தில் எவரும் தேயிலைத் தொழிற்சாலை என்று சொன்னதில்லை. அது ‘இஸ்டோரு’. இலங்கை மலையகத்தில் தலவாக்கலைக்கு அருகே உள்ள ஒரு தோட்டத்தின் இஸ்டோரில் என் அப்பா 31 ஆண்டுகள் வேலை செய்தார். இளவயதில் அடுப்புக்கு விறகு தள்ளினார். பிறகு கொழுந்தை நசுக்கும் ரோதையில் நின்றார். கடைசிக் காலத்தில், ரோதையில் நசுங்கி வந்த கொழுந்தைப் பரப்பிவைத்திருக்கும் மேசைகளின் அருகேதான் அவருடைய பொழுது கழிந்தது. கொழுந்து பச்சை நிறம் மாறிச் செம்புக்காசின் நிறத்துக்கு வரும் வேளையில் ஒரு பிடியை அள்ளி மூக்கருகே வைத்துப் பார்ப்பார். பச்சிலை வாசனை போய்ப் பழுத்த பேரிக்காயின் வாசனை எழுந்ததும் அடுப்புப் பக்கம் பார்த்துத் தலையை அசைப்பார். கொழுந்தைச் சூட்டுக்கு அனுப்பும்படி உத்தரவிடும் அதிகாரம் டீமேக்கருக்கு உரியது. ஆனாலும் அந்த உத்தரவு வாயிலிருந்து வருமுன் டீமேக்கரின் கண் அப்பாவின் தலையசைப்பைத் தேடியதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

அந்த மேசையில் நடந்ததன் பெயரை நான் அறிய மேலும் பல ஆண்டுகள் சென்றன. புளிக்கவைத்தல் என்று சொன்னாலும் அதில் நுண்ணுயிருக்கு வேலை இல்லை. ரோதையில் கலங்கள் உடைந்ததும், செம்பைத் தன்னுள்ளே வைத்திருக்கும் பொலிபீனோல் ஒட்சிடேசு என்னும் நொதியம், காற்றின் ஒட்சிசனைக்கொண்டு இலையின் கட்டெச்சின்களைத் தியாபிளேவின், தியாரூபிஜின் போன்ற நிறப்பொருள்களாக மாற்றுகிறது. நொதியமும் ஓர் ஊக்கிதான்; தான் தீர்ந்துபோகாமல் ஒரு தாக்கத்தை, அதாவது ஓர் இரசாயன மாற்றத்தை, விரைவுபடுத்தும் பொருள். சூட்டில் அந்த நொதியம் அழிகிறது. சுமார் 20 நிமிடத்தில் இலையின் ஈரமும் 3 சதவீதமளவுக்கு இறங்கிவிடுகிறது. ஆகவே, என் அப்பா வாழ்நாளின் பெரும்பகுதியை ஓர் ஊக்கித் தாக்கத்தை உரிய கணத்தில் நிறுத்துவதில் கழித்தார் என்று சொன்னால் அது மிகை அல்ல. நான் ஏறத்தாழ 25 ஆண்டுகளாக ஊக்கிகளோடும், மருந்து மூலக்கூறுகளைக் கட்டியெழுப்பும் தொகுப்போடும் வேலை செய்துவருகிறேன். தாக்கத்தைத் தொடங்குவது பற்றிப் பாடநூல்கள் எனக்கு நிறையக் கற்பித்தன. நிறுத்துவது பற்றியும், நிறுத்திய பின் மிஞ்சுவது பற்றியும் கற்றதெல்லாம் பிழை விட்டுக் கற்றது. மலையகத்திலிருந்து இரசாயனவியலுக்குள் நுழையும் பிள்ளைகளுக்கு அந்தப் பிழைகளையாவது முன்கூட்டிச் சொல்லிவைக்கலாம் என்ற எண்ணத்தில்தான் இதை எழுதுகிறேன்.

உயர்தரம் படிக்க நுவரெலியாவில் மாமா வீட்டில் தங்கினேன். எங்கள் தோட்டத்துப் பக்கத்தில் அப்போது தமிழ்மொழியில் விஞ்ஞானப் பிரிவு நடத்திய பாடசாலை எதுவும் கிட்ட இருக்கவில்லை. ஒரு நாள் ஆய்வுகூடத்தில் நீரின் கொதிநிலையை அளந்தோம். வெப்பமானி 94 பாகையில் நின்றது. எவ்வளவு நேரம் சூடாக்கியும் அதற்கு மேலே ஏறவில்லை. பாடநூலில் 100 என்று இருந்ததால் வகுப்பில் பாதிப்பேர் 100 என்றே எழுதிக் கொடுத்தோம். அவர்களில் நானும் ஒருத்தி. இரசாயனவியல் சேர் அத்தனை கொப்பிகளையும் திருப்பித் தந்தார். கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே நிற்கிறோம், இங்கே வளியமுக்கம் ஐந்தில் நான்கு பங்குதான், கண்ட எண்ணை எழுதாதவர் ஆய்வுகூடத்துக்கு வரத் தேவையில்லை என்றார். அன்று எனக்கு அழுகை வந்தது. பின்னாளில் வாயுக்களோடு வேலை செய்தபோது அந்த ஐந்தில் நான்கு பங்கு வேறொரு வடிவத்தில் திரும்பி வந்தது. பலூனில் அடைத்த ஐதரசன், சுற்றியுள்ள வளியின் அமுக்கத்தில்தான் கரைசலுக்குள் கரைகிறது. அதே குடுவை, அதே ஊக்கி, அதே பலூன் என்றாலும் உயரத்தில் உள்ள ஆய்வுகூடத்தில் ஐதரசனேற்றம் (மூலக்கூறில் ஐதரசனைச் சேர்ப்பது) மந்தமாகவே நடக்கும். கடற்கரை நகரத்து ஆய்வுக்கட்டுரையில் உள்ள நேரத்தை இங்கே அப்படியே நம்பக்கூடாது.

1980களின் இறுதியில் நாட்டுக் குழப்பத்தால் பல்கலைக்கழகங்கள் நீண்டகாலம் மூடிக்கிடந்தன. பேராதனைக்குள் காலடி வைக்கவே ஈராண்டு காத்திருந்தேன். அங்கே என்னைத் திணறவைத்தது மொழிதான். ஊக்கி, ஏவற்சக்தி, சமபகுதியம், சேதன இரசாயனம் என்று தமிழில் படித்துவந்தவள் ஆங்கில விரிவுரையில் முதல் ஆறு மாதம் ஊமையாக இருந்தேன். ஆனால் பொருள் விளங்கிய ஒன்றுக்கு இன்னொரு மொழியில் பெயர் கற்பது கடினமல்ல. பொருள் விளங்காமல் ஆங்கிலத்தில் மனனம் செய்துவந்த சிலர் மூன்றாம் ஆண்டில் தடுமாறியதைக் கண்டேன். தாய்மொழியில் படித்ததற்காக எவரும் கூச வேண்டியதில்லை. அந்த ஆறு மாதத்தைத் தாக்குப்பிடித்தால் போதும்.

கலாநிதிப் பட்டத்துக்காக 1997இல் இங்கிலாந்து சென்றேன். என் ஆய்வு, இடக்கையும் வலக்கையும் போல ஒன்றுக்கொன்று ஆடிவிம்பமான மூலக்கூறுகளில் ஒரு கையை மட்டும் உருவாக்கும் ஊக்கிகளைப் பற்றியது. இடக்கால் செருப்பு வலக்காலுக்குப் பொருந்தாததைப் போல, உடலுக்குள் ஒரு கை மருந்தாகவும் மறு கை பயனற்றதாகவும் சில வேளை கெடுதியாகவும் அமையலாம். பார்க்கின்சன் நோய்க்குரிய எல்-டோபாவை உரிய கையில் தரும் ரோடியம் ஊக்கியை வில்லியம் நோல்ஸ் உருவாக்கியிருந்தார். அவருக்கும் றியோஜி நொயோரிக்கும் பாரி ஷார்ப்லஸ்ஸுக்கும் 2001இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்ட நாளில் நான் ஆய்வேட்டின் இறுதி அதிகாரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

ஷார்ப்லஸ்ஸின் முறையில்தான் நான் முதலில் கை பழகினேன். செம்மஞ்சள் நிறப் பொடி ஒன்று போத்தலில் ஆயத்தமாக வரும். நீரும் மூன்றாம் நிலைப் பியூற்றனோலும் கலந்த கரைப்பானில் அதை இட்டு, பாகை சுழியத்தில் இரவு முழுதும் கலக்கினால் இரட்டைப் பிணைப்பின் மீது இரு ஐதரொட்சில் கூட்டங்கள் ஒரே பக்கமாக வந்து அமரும். அந்தப் பொடியில் ஊக்கியாக இருப்பது ஒஸ்மியம் என்னும் உலோகம்; ஆயிரம் மூலக்கூறுக்கு நான்கு ஒஸ்மியம் அணு போதும். எந்தப் பக்கம் அமர்வது என்பதை முடிவு செய்வது ஒஸ்மியத்தைப் பற்றிக்கொண்டிருக்கும் சேதனத் துணை. அது எதிலிருந்து வருகிறது என்று தேடிப் படித்த மாலைநேரம் இன்னும் நினைவில் இருக்கிறது: மலேரியா மருந்தான குயினைனைத் தரும் சிங்கோனா மரப்பட்டை. குயினைனின் வழிவந்த துணை ஒரு கையைத் தரும். அதே பட்டையில் உள்ள குயினிடினின் வழிவந்தது மறு கையைத் தரும்.

ஹக்கலைப் பூங்காவுக்குப் பாடசாலைச் சுற்றுலா போகாத மலையகப் பிள்ளை அரிது. அந்தப் பூங்கா 1861இல் தொடங்கப்பட்டதே சிங்கோனாவை வளர்த்துப் பார்க்கத்தான். 1869இல் கோப்பியில் இலைத்துரு நோய் கண்டு தோட்டங்கள் அழியத் தொடங்கியபோது துரைமார் சிங்கோனாவுக்கும் தேயிலைக்கும் மாறினார்கள். 1880களில் இங்கிருந்து பட்டை அளவுக்கு மிஞ்சி ஏற்றுமதியாகி விலை வீழ்ந்தது. மரங்களைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தேயிலையே நட்டார்கள். அந்தப் பட்டையை உரித்தவர்கள் எங்கள் மூதாதையர். அவர்களுடைய கைகளில் கசந்த அதே சரக்கின் ஒரு துளி, ஒரு நூற்றாண்டு கழித்து ஆங்கில நாட்டு ஆய்வுகூடமொன்றில் என் குடுவைக்குள் இடது வலது பார்த்துக்கொண்டிருந்தது. இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. ஆனால் அன்று இரவு நான் தூங்கவில்லை. லூயி பாஸ்டர் 1853இலேயே, சிங்கோனாவின் அற்கலோயிட்டுகளிலிருந்து ஆக்கிய மூலங்களை (காரத்தன்மையுள்ள பொருள்களை) கொண்டு தார்த்தாரிக் அமிலத்தின் இரு கைகளையும் பிரித்திருந்தார் என்பதை அடுத்த வாரம் படித்தேன்.

அந்தத் தாக்கத்திலும் நிறுத்தல் ஒரு தனி வேலை. காலையில் சோடியம் சல்பைற்றை இட்டு ஒரு மணித்தியாலம் கலக்க வேண்டும். எஞ்சியிருக்கும் ஒஸ்மியத்தின் வல்லமையை அது ஒடுக்கும். பொறுமையில்லாமல் பத்து நிமிடத்தில் பிரித்தெடுத்தால் விளைபொருள் கருமை படிந்து வருவதோடு, கண்ணைக் கெடுக்கும் ஒஸ்மியம் ஆவிக்கும் இடம் கொடுத்தவர்கள் ஆவோம்.

முதலாண்டு முடியுமுன் ஒரு தீயையும் மூட்டிவிட்டேன். கரியில் ஏற்றிய பல்லேடியத்தால் ஐதரசனேற்றம் செய்து முடித்து, மெதனோல் கரைசலைப் புக்னர் புனலில் உறிஞ்சி வடித்துக்கொண்டிருந்தேன். கடைசித் துளியும் வரட்டும் என்ற சிக்கன புத்தியில் பம்பை ஓடவிட்டு நின்றேன். வடிதாளின் மேல் இருந்த கரிய படிவு உலர்ந்து, காற்று அதனூடாக இழுபட்டு, ஐதரசனை உண்டிருந்த பல்லேடியம் சிவந்து மெதனோல் ஆவியைப் பற்றவைத்தது. மெதனோலின் சுவாலை பகலில் கண்ணுக்குத் தெரியாது. வடிதாளின் விளிம்பு தானாகவே சுருண்டு கருகுவதைக் கண்டபோதுதான் விளங்கியது. பக்கத்து மேசையில் இருந்த மூத்த மாணவர் எழுந்துவந்து கடிகாரக் கண்ணாடி ஒன்றைப் புனலின் மேல் கவிழ்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் தம் இடத்துக்குப் போனார்.

அன்றிலிருந்து நான் கைக்கொள்வதையும் என்னிடம் பயில வருவோருக்கு முதல் நாளிலேயே சொல்வதையும் இங்கே எழுதிவிடுகிறேன். குடுவையில் நைதரசனை நிரப்பிய பின்பே ஊக்கியை இட வேண்டும். அதுவும் உலர்ந்த பொடியாக மெதனோலின் மேல் தூவாமல், நீரில் குழைத்து முதலில் இட்டு அதன் பின்னரே மெதனோலைச் சேர்க்க வேண்டும். தாக்கம் முடிந்ததும் ஐதரசனை நைதரசனால் முற்றாக வெளியேற்ற வேண்டும். வடிக்கும்போது படிவு ஒரு கணமும் உலரக்கூடாது. கரைப்பான் மட்டம் படிவைத் தொடும் முன்பே பம்பை நிறுத்தி நீரை ஊற்ற வேண்டும். வடிதாளை நனைந்தபடியே தனிப் போத்தலில் நீருக்கடியில் போட்டு மூடி, பெயரெழுதி ஒட்ட வேண்டும்; குப்பைக்கூடையில் ஒருபோதும் போடக்கூடாது. ரேனி நிக்கலுக்கு இந்த எச்சரிக்கை இரு மடங்கு பொருந்தும். அது உலர்ந்தால் காற்றிலேயே தானாகத் தீப்பிடிக்கும்.

பல்லேடியம் எனக்குக் கற்பித்த இரண்டாவது பாடம் அவமானத்தோடு வந்தது. இரு அரோமற்றிக்கு வளையங்களை இணைக்கும் சுசுக்கி தாக்கத்தை (சுசுக்கிக்கும் ஹெக்குக்கும் நெகிஷிக்கும் 2010இல் நோபல் கிடைத்தது) ஊக்கியே இல்லாமல் நடத்திவிட்டதாக இரண்டு வாரம் துள்ளிக்கொண்டிருந்தேன். ஒப்பீட்டுக்காக ஊக்கி இடாமல் வைத்த குடுவையிலும் விளைபொருள் வந்திருந்தது. புத்தம்புதிய கலக்கியும் புதிய குடுவையும் எடுத்துச் செய்தபோது ஒன்றும் வரவில்லை. பழைய கலக்கியின் வெள்ளை உறையில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் ஒட்டியிருந்த பல்லேடியம்தான் வேலை செய்திருந்தது. இதில் நான் தனியாள் அல்ல. உலோகமே இல்லாமல் சுசுக்கி இணைப்பு நடப்பதாக 2003இல் ஒரு குழுவினர் வெளியிட்டார்கள். பின்னர் தாமே மேலும் ஆராய்ந்து, தாம் பயன்படுத்திய சோடியம் காபனேற்றில் நூறு கோடியில் 50 பங்கு அளவில் இருந்த பல்லேடியமே காரணம் என்று 2005இல் எழுதினார்கள். தம் கூற்றைத் தாமே திருத்திய அந்தக் கட்டுரையை, முதல் கட்டுரையைவிட உயர்வாக மதிக்கிறேன். ஊக்கி ஆராய்ச்சியில், ஊக்கி இடாத குடுவைதான் மிக முக்கியமான குடுவை. அதைப் புதிய பாத்திரத்தில் வைக்க வேண்டும்.

2003 முதல் 14 ஆண்டுகள் ஹைதராபாத்தில் மருந்து மூலப்பொருள் தயாரிக்கும் ஒரு கம்பனியில் இருந்தேன். பல்கலைக்கழகத்தில் கிராம் கணக்கில் பழகிய கை அங்கே கிலோக் கணக்கில் தடுமாறியது. நைத்திரோக் கூட்டத்தை அமைனாக மாற்றும் ஐதரசனேற்றம் ஒரு மூலுக்கு ஏறத்தாழ 550 கிலோயூல் வெப்பத்தை வெளிவிடும். 100 மில்லிலீற்றர் குடுவையில் அதை எவரும் உணரமாட்டார்கள்; கை சற்றுச் சூடாகும், அவ்வளவுதான். 100 லீற்றருக்கு வரும்போது கனவளவு ஆயிரம் மடங்காகிறது, வெப்பம் வெளியேறும் சுவரின் பரப்போ நூறு மடங்குதான். ஒவ்வொரு லீற்றருக்கும் கிடைக்கும் சுவர் பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. முதற்கூட்டத்தில் ஒரு பொறியியலாளர் இதைப் பலகையில் எழுதி விளக்கியபோது என் காதில் அப்பாவின் குரல்தான் கேட்டது. மேசையில் கொழுந்தைத் தடிப்பாகப் பரப்பிய புதுப்பையனை ஒருநாள் அவர் திட்டினார்: “மொத்தமா போட்டீன்னா உள்ளுக்குள்ள வெந்துரும்டா, மேல காத்து, அடியில புழுக்கம்!” வெப்பம் வெளியேறாமையும் ஒட்சிசன் உட்செல்லாமையும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருந்தன.

உட்செல்லும் வாயுவைப் பற்றியும் ஒரு நுட்பம் சொல்ல வேண்டும். அமுக்கம் தாங்கும் மூடிய பாத்திரமான பெரிய ஒட்டோகிளேவில் தாக்கம் மந்தமாகிவிட்டால் எல்லோரும் முதலில் ஊக்கியைத்தான் குறை கூறுவார்கள். ஊக்கியைக் கூட்டச் சொல்வார்கள். அதற்கு முன் ஒரு சிறு சோதனை செய்யலாம். ஊக்கியின் அளவை இருமடங்காக்கினால் வேகமும் ஏறத்தாழ இருமடங்காக வேண்டும். வேகம் அசையவில்லை என்றால், ஐதரசன் கரைசலுக்குள் கரைந்து வரும் வேகமே தடையாக இருக்கிறது. கலக்கியைத் திருத்த வேண்டுமே தவிர விலையுயர்ந்த பல்லேடியத்தைக் கொட்டிப் பயனில்லை. சிறு குடுவையில் காந்தக் கலக்கி பொங்கப் பொங்கச் சுற்றும்போது மறைந்திருக்கும் இந்தத் தடை, பெரிய பாத்திரத்தில்தான் முகம் காட்டும்.

அங்கே என் பெயரைக் கெடுத்த பிழை ஒன்று உண்டு. குளோரீன் ஏற்றிய நைத்திரோச் சேர்மமொன்றை அமைனாக்கும் வேலை. மாலை ஆறு மணிக்கே ஐதரசன் உறிஞ்சுவது ஏறத்தாழ நின்றுவிட்டது. நிச்சயத்துக்காக இரவு முழுதும் விட்டுவைத்தேன். பல்லேடியம், தனக்கு வேலை தீர்ந்ததும் சும்மா இருக்கவில்லை. குளோரீனைப் பிடுங்கத் தொடங்கிவிட்டது. காலையில் வந்த மாதிரியில் குளோரீன் இழந்த அமைன் அழுக்காக நின்றது. இரண்டும் ஏறத்தாழ ஒரே குணமுடையவை. பளிங்காக்கத்தில் பிரிய மறுத்தன. மொத்தச் சரக்கும் வீண். பல்லேடியத்துக்குப் பதிலாகக் கந்தகத்தால் சிறிது நஞ்சூட்டிய பிளாற்றினத்தை எடுத்தபோது குளோரீன் தப்பியது. ஊக்கியின் வல்லமையை வேண்டுமென்றே குறைப்பது என்ற எண்ணம் எனக்கு முதலில் ஒப்பவில்லை. ஆனால் லிண்ட்லார் என்ற இரசாயனவியலாளர் 1952இல் ஈயமும் குயினோலினும் கொண்டு பல்லேடியத்தை மந்தமாக்கியதன் நோக்கமே, மும்மைப் பிணைப்பை இரட்டைப் பிணைப்போடு நிறுத்துவதுதான்.

இன்னொரு தரம் இதற்கு நேர்மாறாக நடந்தது: ஊக்கி தொடங்கவே மறுத்தது. நாற்பது தடவை ஒழுங்காக ஓடிய தாக்கம், புதிய தொகுதி மூலப்பொருள் வந்த நாளிலிருந்து படுத்துவிட்டது. தூய்மைச் சான்றிதழில் குறை இல்லை. நாங்கள் ஊக்கியை மாற்றினோம், கரைப்பானை மாற்றினோம், ஒருவர் மேலொருவர் பழி போட்டோம். இறுதியில் வழங்குநரிடம், இதை எப்படித் தயாரிக்கிறீர்கள் என்று கேட்டபோது, அவர்கள் தம் முறையை மாற்றித் தயோனில் குளோரைட்டைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள் என்பது தெரிந்தது. எச்சமாக வந்த கந்தகம் பல்லேடியத்தின் கழுத்தை நெரித்திருந்தது. மூலப்பொருளைச் சிறிது ரேனி நிக்கலோடு கலக்கி வடித்து, கந்தகத்தை அதன் தலையில் கட்டிவிட்ட பிறகு தாக்கம் பழையபடி ஓடியது. சான்றிதழ் என்பது தேடிய அழுக்கைப் பற்றி மட்டுமே பேசும். மூலப்பொருளின் பூர்வீகத்தைக் கேட்டு வைத்துக்கொள்வது நம் பொறுப்பு.

தாக்கம் நன்றாக முடிந்தாலும் உலோகம் போக வேண்டும். 2014இல் இறுதி செய்யப்பட்ட சர்வதேச வழிகாட்டலின்படி, வாயால் உட்கொள்ளும் மருந்தில் பல்லேடியம் நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராமுக்கு மேல் உடலுக்குள் போகக்கூடாது. ஊசிமருந்தில் 10 மைக்ரோகிராம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 400 மூலக்கூற்றுத் திணிவுள்ள ஒரு சேர்மத்தை மூல் அளவில் ஒரு சதவீதப் பல்லேடியம் இட்டுத் தயாரித்து, உலோகம் முழுவதும் அதிலேயே தங்கினால், பத்து இலட்சத்தில் 2,600க்கு மேற்பட்ட பங்கு பல்லேடியமாக இருக்கும். நாளொன்றுக்கு ஒரு கிராம் மருந்தென்றால் அனுமதி 100 பங்குதான். இருபத்தைந்தில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுவர வேண்டும். கரியில் உறிஞ்சவைக்கலாம், தயோல் ஏற்றிய சிலிக்காவில் பிடிக்கலாம், அசற்றைல் சிஸ்ரீன் கரைசலால் கழுவலாம். மூன்றும் உலோகத்தோடு மருந்தையும் சிறிது விழுங்கும். இறுதிப்படியில் இணைப்புத் தாக்கத்தை வைத்து ஆறு மாதம் இந்தத் துப்புரவில் அல்லாடிய பிறகு, எங்கள் குழுவில் ஆகக் குறைந்த அனுபவமுள்ள ஒரு பெண், படிகளின் ஒழுங்கையே மாற்றலாமே என்றாள். பல்லேடியப் படியை இரண்டாவதாக முன்னே தள்ளினோம். பின்னால் வந்த இரண்டு பளிங்காக்கங்களும் வழமையான தம் வேலையைச் செய்ய, உலோகம், பளிங்கு பிரிந்தபின் எஞ்சும் தாய்க்கரைசலோடு போய்விட்டது. காகிதத்தில் தொகுப்பு வழியை வரையும்போதே உலோகம் எந்த இடத்தில் வெளியேறும் என்று கேட்டிருந்தால் அந்த ஆறு மாதம் மிஞ்சியிருக்கும்.

நிறுத்தப் பயன்படுத்தும் பொருளே நஞ்சாகலாம் என்பதை 2018 உலகம் முழுவதுக்கும் காட்டியது. இரத்த அழுத்த மருந்தான வல்சார்ட்டானில் புற்றுநோயை உண்டாக்கலாம் என்று கருதப்படும் என்.டி.எம்.ஏ. என்னும் நைத்திரோசமைன் கண்டுபிடிக்கப்பட்டு, பல நாடுகளில் மாத்திரைகள் திரும்பப் பெறப்பட்டன. அந்த மூலக்கூறில் உள்ள தெற்றசோல் வளையத்தை அமைக்க அசைட்டைப் பயன்படுத்துகிறார்கள். மிஞ்சிய அசைட்டு ஆபத்தானது என்பதால், தாக்கம் முடிந்ததும் சோடியம் நைத்திரைற்றும் அமிலமும் இட்டு அதை அழித்தார்கள். பாதுகாப்புக்காகச் செய்த வேலைதான். ஆனால் கரைப்பானாக இருந்த டைமெதில் போமமைட்டிலிருந்து பிரிந்த டைமெதில் அமைன் அங்கே காத்திருந்தது; அதுவும் நைத்திரைற்றும் சேர்ந்து என்.டி.எம்.ஏ. ஆயின. அனுமதிக்கத்தக்க அளவு நாளொன்றுக்கு 96 நனோகிராம் என்று வகுத்தார்கள். இது வெளிவந்த வாரத்தில் நான் இலங்கைக்குத் திரும்பி ஓராண்டு ஆகியிருந்தது. என் பழைய குறிப்பேடுகளை எடுத்து, ஒவ்வொரு தாக்கத்திலும் நிறுத்துவதற்கு எதை இட்டேன் என்று வரிவரியாகப் பார்த்தேன். தாக்கத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்த நான், நிறுத்தியதைப் பற்றிப் பல இடங்களில் ‘வழமைபோல்’ என்று ஒரே சொல்லில் முடித்திருந்தேன். இப்போது அந்தச் சொல்லை மாணவர் குறிப்பேட்டில் கண்டால் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

இலங்கையில் இந்தப் படிப்புக்கு வேலை உண்டா என்று தோட்டத்துப் பெற்றோர் கேட்கிறார்கள். உள்ளதைச் சொல்கிறேன். பேராதனையில் மருந்தியல் பேராசிரியராக இருந்த சேனக பிபிலேயின் முயற்சியால் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. 1987இல் அமைந்த அரச மருந்து உற்பத்திக் கூட்டுத்தாபனம் இரத்மலானையில் மாத்திரைகள் தயாரிக்கிறது. ஆனால் மாத்திரைக்குள் இருக்கும் மருந்து மூலக்கூறு பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து பொடியாக வருகிறது. தொகுப்புக் கலைக்கான இடம் இங்கே குறுகியது. பகுப்பாய்வுக்கும் தரக்கட்டுப்பாட்டுக்கும் இடம் அதிகம். ஆகவே, சேதனத் தொகுப்பில் ஆசையுள்ள பிள்ளையும் கலவையின் கூறுகளைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியைக் கழற்றிப் பூட்டும் அளவுக்குப் பழகிக்கொள்ள வேண்டும்; சோறு அங்கேதான் கிடைக்கும். வெளிநாடு போவதைக் குறை சொல்லமாட்டேன், நானே போனவள்.

2022 மார்ச் இறுதியில், பொருளாதார நெருக்கடியால், மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது, மலையகத்தில் ஒரு சிறிய ஆய்வுகூடத்தில் மாணவி ஒருத்திக்கு வழிகாட்டிக்கொண்டிருந்தேன். பொகவந்தலாவைப் பக்கத்துப் பிள்ளை. அவளுடைய அம்மா இன்னமும் கொழுந்து எடுக்கிறார். மின்வெட்டு அட்டவணையைச் சுவரில் ஒட்டிவைத்து, ஒவ்வொரு தாக்கத்தையும் துண்டுகளாகப் பிரித்தோம்: எங்கே நிறுத்திவைத்தால் இரண்டு நாள் கிடக்கும், எங்கே நிறுத்தவே கூடாது. நைத்திரோவிலிருந்து அமைனுக்குப் போகும் வழியில் ஐதரொட்சிலமைன் உருவாகும். பாதியில் ஐதரசன் நின்றால் அது சேர்ந்துவிடும், வெப்பத்தில் உக்கிரமாகச் சிதையக்கூடியது. அந்தத் தாக்கத்தை மின்சாரம் உறுதியாக உள்ள நேரத்தில் மட்டும், அதுவும் ஐதரொட்சிலமைன் தங்காதிருக்கச் சிறிதளவு வனேடியம் சேர்மத்தோடு செய்தோம். மற்றவை எல்லாம் பொறுத்துக்கொள்ளும்.

ஏப்ரலில் ஒரு மாலை அட்டவணைக்கு முன்பாகவே மின்சாரம் போய்விட்டது. பம்பு ஓய்ந்தது; புனலில் பாதி வடிந்த கரைசல் நின்றது. நான் எழுவதற்குள் அவள் கழுவும் போத்தலை எடுத்து, படிவின் மேல் நீரைச் சுற்றிச் சுற்றி விட்டாள். கைத்தொலைபேசியின் வெளிச்சத்தைப் புனலுக்கு நேரே பிடித்து ஈரம் விளிம்புவரை இருக்கிறதா என்று பார்த்தாள்.

“நிப்பாட்டிட்டேன் டீச்சர்” என்றாள். பிறகு, வெளிச்சத்தைக் குறிப்பேட்டின் பக்கம் திருப்பி, மணி 6.52 என்று எழுதி, எவ்வளவு நீர் விட்டாள் என்பதைப் போத்தலின் கோட்டில் அளந்து அதையும் எழுதினாள்.